தாய்ப்பலகையும் அதன் துபாஷிகளும்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரியை நோக்கிச் செல்லும் சாலையில், தேயிலைச் சரிவுகளுக்கும் சில்வர் ஓக் மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே அமைந்திருக்கும் தேவர்சோலையில், கணிப்பொறி ஒன்று கெட்டுப்போவதற்கு வேண்டிய காரணங்களை இயற்கையே தாராளமாக வழங்கியிருக்கிறது. தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டால் துவைத்த துணி நாட்கணக்கில் உலர்வதில்லை. மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால் மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடிவதில்லை. திரும்பும்போதும் சீரான அழுத்தத்தோடு திரும்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆகவே இப்பக்கத்தில் ஒரு கணிப்பொறி மூலையில் கிடத்தப்பட்டிருப்பதைக் காண்பவர், ஈரமோ இடியோ அதைக் கெடுத்திருக்க வேண்டும் என்று அனுமானிப்பது இயல்பே. ஆயினும் பழுது பார்ப்பவர் பெட்டியைத் திறந்து, தூசியைத் தட்டி, உறுப்பு உறுப்பாகச் சோதித்துவிட்டு, “போர்டு நல்லாத்தான் இருக்கு, டிரைவர்தான் கிடைக்கல” என்று சொல்லும் சந்தர்ப்பங்கள் அபூர்வமல்ல. எந்த உறுப்பும் பழுதுபடாத ஒரு யந்திரம் பயனற்றதாகிவிடும் இந்த விசித்திரம் எப்படி நிகழ்கிறது, அதற்குப் பொறுப்பாளி யார் என்பவற்றை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

உதாரணத்துக்கு ஒரு தோட்டக் காரியாலயத்தை மனத்தில் கொள்வோம். 2008ஆம் ஆண்டு வாக்கில் வாங்கிய மேசைக் கணிப்பொறி. அதில் விண்டோஸ் எக்ஸ்பி. பெட்டியின் பின்புறம் இருபத்தைந்து துளைகள் கொண்ட நீண்ட பாரலல் போர்ட். அதிலிருந்து கிளம்பும் தடித்த கேபிளின் மறுமுனையில் கறகறவென்று சத்தமிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். தொழிலாளர் வருகையையும் பறித்த கொழுந்தின் எடையையும் கணக்கிட்டுச் செக்ரோல் அச்சடித்துத் தரும், டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவில் எழுதப்பட்ட ஒரு பழைய நிரல். ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் மட்டும் போய்விடுகிறது. பெட்டி கூடலூருக்குச் சென்று, புதிய டிஸ்க்கும் 64 பிட் விண்டோஸ் 10-உம் போடப்பட்டுத் திரும்பி வருகிறது. இப்போது திரையில் எழுத்துக்கள் பருத்துத் தெரிகின்றன, ஸ்பீக்கரில் ஒலி இல்லை, வலைத்தொடர்பு இல்லை, செக்ரோல் நிரலோ திறக்கவே மறுக்கிறது. கடைக்காரரைக் கேட்டால், “மதர்போர்டு சி.டி. இருந்தா கொண்டு வாங்க” என்கிறார். பல்லாண்டுகளுக்கு முன் பெட்டியோடு வந்த அந்தத் தகட்டை எவரும் பத்திரப்படுத்தி வைத்ததில்லை. வலையிலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்றாலோ, வலைக்குச் செல்லும் வழியாகிய லேன் சில்லுக்கே டிரைவர் இல்லை.

ஓர் எழுத்து அச்சாகும் விதம்

இந்தக் குழப்பத்தின் வேரை அறிய, அந்தப் பழைய பாரலல் போர்ட்டையே சற்று நெருங்கிப் பார்ப்பது நலம். ஏனெனில் பிற்காலத்துச் சில்லுகள் யாவும் மறைத்து வைத்திருக்கும் ரகசியத்தை அது ஒளிவுமறைவின்றி வெளிப்படுத்துகிறது. தாய்ப்பலகையில் உள்ள ஒவ்வொரு சில்லும் தனக்குள் சில சிறு அறைகளை வைத்திருக்கிறது. ரெஜிஸ்டர் எனப்படும் இவ்வறைகளுக்கு முகவரி எண்கள் உண்டு. பிராசஸர் ஒரு சில்லை வேலை வாங்க வேண்டுமானால், குறித்த முகவரியில் குறித்த எண்ணை எழுத வேண்டும். பதிலை அறிய வேண்டுமானால், வேறொரு முகவரியில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். பிராசஸருக்கும் சில்லுக்கும் இடையில் உள்ள சம்பந்தம் அடிப்படையில் இவ்வளவே.

முதலாவது பாரலல் போர்ட்டுக்கு, பதினாறின் அடிமானக் கணக்கில், 378, 379, 37ஏ என்ற மூன்று முகவரிகள் வழக்கமாக அமைந்திருந்தன. ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தை அச்சடிக்க வேண்டுமென்றால், அதற்குரிய 65 என்னும் எண்ணை 378-இல் எழுத வேண்டும். உடனே போர்ட்டின் இரண்டாவது துளை முதல் ஒன்பதாவது துளை வரையிலான எட்டுக் கம்பிகளில் அந்த எண்ணுக்குரிய மின்னழுத்தம் தோன்றும். பிறகு 379-ஐப் படித்து, பிரிண்டர் வேறு வேலையில் ஈடுபட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது ஓய்வாக இருப்பின், 37ஏ-யில் ஒரு பிட்டை மாற்றி மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால், முதல் துளையில் ஒரு சிறு துடிப்பு செல்லும். அத்துடிப்பைக் கண்டதும் பிரிண்டர் அந்த எழுத்தை ஏற்றுக்கொள்ளும். இந்த மூன்று காரியங்களையும் முறைப்படி ஓயாது செய்வதற்கென்று எழுதப்பட்ட நிரலே டிரைவர்.

டாஸ் காலத்தில் சாதாரண நிரல்களும் இந்த முகவரிகளை நேரடியாகத் தொட முடிந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்டில் தன் தனிநபர்க் கணிப்பொறியை வெளியிட்டபோது, பயாஸ் என்னும் நிரந்தர நினைவகத்து நிரல் அடிப்படைச் சாதனங்களை இயக்கும் பொறுப்பை ஏற்றிருந்தது. அதை விரும்பாத நிரல்கள் சில்லுகளோடு தாமே பேசிக்கொண்டன. எக்ஸ்பி போன்ற பிற்கால இயக்குதளங்கள் இச்சுதந்திரத்தை ரத்து செய்தன. கர்னல் எனப்படும் உள்மையத்தில் இயங்கும் நிரல்களுக்கு மட்டுமே சில்லுகளைத் தொடும் அதிகாரம் உண்டு. மற்றவை அதனிடம் விண்ணப்பித்துக்கொள்ள வேண்டியவையே. ஒழுங்கை நிலைநாட்டிய இந்த ஏற்பாடு, டிரைவரின் கையில் மகத்தான அதிகாரத்தையும் ஒப்படைத்துவிட்டது. உள்மையத்துக்குள் வாழும் டிரைவர் செய்யும் பிழை ஒரு நிரலோடு நிற்பதில்லை. இயக்குதளம் முழுவதையும் நீலத்திரையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். எக்ஸ்பியை அடுத்து விண்டோஸ் விஸ்டா வெளிவந்த 2007ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் திரட்டிய முடக்கப் பதிவுகளில் ஏறத்தாழ 29 சதவீதம் என்விடியா நிறுவனத்தின் டிரைவர்களைச் சார்ந்தவை என்பது, பின்னர் ஒரு வழக்கில் வெளியான ஆவணங்களால் உலகுக்குத் தெரிந்தது.

டிரைவரின் நிலையை விளக்க நம் சரித்திரத்திலேயே பொருத்தமான ஓர் உவமை இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயிடம் ஆனந்தரங்கம் பிள்ளை வகித்த துபாஷி பதவியை எண்ணிப் பாருங்கள். கவர்னருக்கு உள்ளூர் வர்த்தகரின் பேச்சு புரியாது. வர்த்தகருக்குக் கவர்னரின் பேச்சு புரியாது. இருவர் பேச்சும் அறிந்த ஒருவர் நடுவில் நின்றாலன்றி ஒரு சிப்பம் துணிகூடக் கை மாறாது. ஆனால் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஆங்கிலக் கொடி ஏறிய பிறகு, பிரெஞ்சு மட்டுமே அறிந்த துபாஷியால் என்ன பயன்? வர்த்தகரும் அவரே, சரக்கும் அதுவே; மாறியது மேலிடத்தின் பாஷை ஒன்றுதான். எக்ஸ்பியின் பாஷையை மட்டும் அறிந்த டிரைவர், விண்டோஸ் 10 அமர்ந்திருக்கும் சபையில் அடையும் கதி அதுவே.

மஞ்சள் நிற ஆச்சரியக்குறி

எந்தச் சில்லுக்கு எந்த டிரைவர் என்பதை இயக்குதளம் எங்ஙனம் அறிகிறது? 1992-இல் வந்த பி.சி.ஐ. என்னும் இணைப்பு முறை இதற்கு ஓர் அழகிய தீர்வைக் கொண்டுவந்தது. இம்முறையில் இணையும் ஒவ்வொரு சில்லும் தன்னைச் செய்தவர் யார் என்பதற்கு ஒரு பதினாறு பிட் எண்ணையும், தான் எந்த மாதிரி என்பதற்கு இன்னொரு பதினாறு பிட் எண்ணையும் தன்னுள் தாங்கியிருக்கிறது. இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. 1978-இல் தான் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசஸரின் பெயரையே அது தன் அடையாள எண்ணாகவும் அமைத்துக்கொண்டிருக்கிறது. நம் நாட்டு மேசைக் கணிப்பொறிகள் பலவற்றில் ஒலிக்கும் வலைத்தொடர்புக்கும் சில்லு வழங்கும் ரியல்டெக்கின் எண் 10இசி. கணிப்பொறி விழித்தெழும்போது இயக்குதளம் ஒவ்வொரு சில்லிடமும் இந்த எண்களைக் கேட்டறிந்து, தன்னிடமுள்ள டிரைவர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருத்தம் கண்டால் சில்லுக்குப் பெயர் கிடைக்கும். காணாவிட்டால் டிவைஸ் மேனேஜர் பட்டியலில் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி தோன்றும்.

அனுபவசாலியான பழுது பார்ப்பவர் அந்தக் குறியைக் கண்டு கலங்குவதில்லை. அதன்மேல் வலப்புறச் சொடுக்குச் செய்து, பிராப்பர்ட்டீஸில் டீட்டெயில்ஸ் என்ற பகுதிக்குப் போய், ஹார்ட்வேர் ஐடி வரிசையில் உள்ள இரண்டு எண்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, வேறொரு கணிப்பொறியில் அவ்வெண்களைத் தேடி, கிடைத்ததைப் பென் டிரைவில் கொண்டுவந்து சேர்க்கிறார். பலகையின்மீது அச்சிட்ட பெயர் அழிந்திருக்கலாம்; விற்றவர் கடையை மூடியிருக்கலாம்; அந்த எண்கள் மட்டும் பொய் சொல்வதில்லை. ஆயினும் எண் தெரிந்துவிட்டால் டிரைவர் கிடைத்துவிடும் என்பது நிச்சயமில்லை. அப்படியொன்று எழுதப்பட்டிருந்தால்தானே கிடைக்கும்?

மேலே சொன்ன விஸ்டாவின் வருகை இதற்கு ஒரு பிரத்தியட்ச சாட்சி. அவ்வியக்குதளம் திரையை இயக்கும் டிரைவர்கள் பேச வேண்டிய முறையை அடியோடு மாற்றிவிட்டது. இன்டெலின் 915 வரிசைச் சில்லுத்தொகுதிக்குப் புதிய முறையில் டிரைவர் வரவில்லை. ஆனாலும் அதைக் கொண்ட கணிப்பொறிகள்மீது ‘விஸ்டாவுக்கு ஏற்றது’ என்னும் ஒட்டுத்தாள் ஒட்டி விற்கப்பட்டதால், அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட்மீது வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அடுத்து வந்தது 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு நிகழ்ந்த மாற்றம். 64 பிட் உள்மையத்தினுள் 32 பிட் டிரைவர் நுழையவே முடியாது. 64 பிட்டில் எழுதப்பட்டிருந்தாலும், முறையான மின்னொப்பம் பெறாததை விண்டோஸ் ஏற்பதில்லை. டாஸ் காலத்து 16 பிட் நிரல்களைத் தாங்கிவந்த பகுதியும் 64 பிட் விண்டோஸில் நீக்கப்பட்டுவிட்டது. நம் தோட்டக் காரியாலயத்தின் செக்ரோல் நிரல் திறக்க மறுத்த காரணம் இதுவே.

பழைய பலகையும் புதிய இயக்குதளமும் மட்டும்தான் பிணங்குமென்று எண்ணிவிடலாகாது. புதிய பலகைமீது பழைய இயக்குதளத்தை ஏற்றுபவரின் அவதி இன்னும் விநோதமானது. 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7, யு.எஸ்.பி.யின் மூன்றாம் தலைமுறைக் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு உரிய டிரைவரைத் தன்னுள் கொண்டிருக்கவில்லை. அன்று அது குறையாகத் தோன்றவில்லை. ஏனெனில் பலகைகளில் பழைய தலைமுறைச் சில்லும் கூடவே இருந்தது. 2015-இல் வந்த இன்டெலின் 100 வரிசைச் சில்லுத்தொகுதியில் அந்தப் பழைய சில்லு நீக்கப்பட்டது. இத்தகைய பலகையில் விண்டோஸ் 7 நிறுவ முனைபவர் முதலில் பயாஸ் திரைக்குள் சென்று கீபோர்டால் வேண்டியவற்றை மாற்றுகிறார். அங்கே கீபோர்டு வேலை செய்கிறது, ஏனெனில் பயாஸ் தன் சொந்த டிரைவரைக் கொண்டிருக்கிறது. அடுத்து நிறுவல் தகடு சுழன்று, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முதல் திரை வருகிறது. அக்கணத்தில் அதிகாரம் விண்டோஸின் கைக்கு மாறிவிடுவதால், மவுஸின் அம்பு அசைவதில்லை; எந்த விசையை அழுத்தினாலும் பதில் இல்லை. விசைப்பலகை நன்றாயிருக்கிறது, பலகை நன்றாயிருக்கிறது, இயக்குதளமும் நன்றாயிருக்கிறது. மூன்றும் கூடி நிற்பவரை ஊமையாக்கிவிடுகின்றன. பலகையில் வட்டமான பி.எஸ்.2 துளை இருந்து, பழைய கீபோர்டு ஒன்றும் கைவசம் இருந்தால் அவர் தப்பித்தார். இல்லையேல் நிறுவல் கோப்புகளுக்குள்ளேயே அந்த டிரைவரை முன்கூட்டிச் செருகி, புதிதாக ஒரு தகடு தயாரிக்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

ஒரு டிரைவர் கிடைக்காதபோது குற்றம் யாருடையது என்று கேட்டால், மூன்று தரப்பாரும் நியாயம் பேசுவார்கள். சில்லைச் செய்தவர், தாம் விற்றது பலகை செய்பவருக்கே என்பார். பலகை செய்தவர், உத்தரவாதக் காலம் முடிந்தது என்பார். இயக்குதளம் எழுதியவர், டிரைவர் கொடுப்பது உபகரணம் செய்தவரின் கடமை என்பார். ஒவ்வொருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. விற்றுமுடிந்த சரக்குக்கு மீண்டும் மீண்டும் நிரல் எழுதுவதால் வருமானம் இல்லை என்பது அம்மூவருக்கும் பொதுவான உண்மை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு காலத்தில் பெரிதும் விரும்பி வாங்கப்பட்ட இன்டெலின் சொந்தத் தாய்ப்பலகைகளை நினைத்துப் பாருங்கள். மேசைக் கணிப்பொறிப் பலகைத் தொழிலிலிருந்து விலகப்போவதாக அந்நிறுவனம் 2013 ஜனவரியில் அறிவித்தது; 2019 நவம்பரில் பழைய பலகைகள் பலவற்றுக்குரிய டிரைவர்களையும் பயாஸ் கோப்புகளையும் தன் தளத்திலிருந்து அகற்றியது. பலகைகள் மட்டும் ஆயிரக்கணக்கான மேசைகளுக்கு அடியில் இன்னும் உழைத்துக்கொண்டிருந்தன.

சில வேளைகளில் டிரைவர் இருந்தும் வாசல் அடைக்கப்படுவதுண்டு. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும், இன்டெலாயின் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரையும் நிபந்தனையாக விதித்தது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. ஆறாம் தலைமுறைப் பிராசஸரோடு 2016-இல் வாங்கிய கணிப்பொறி ஒன்று, ஆற்றலில் எந்தக் குறையும் இல்லாதிருந்தும், இவ்விரண்டு தேதிகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டது. பெருநகரத்து நிறுவனம் இதைக் கணக்கில் கழித்துவிட்டுப் புதியது வாங்கும். அங்கே கழிக்கப்பட்டதை வாங்கி இன்னும் பத்தாண்டு ஓட்டலாம் என்று நம்பும் மலையூர்க் கடைக்காரரும், பள்ளியும், சிறு தோட்டக்காரருமே இந்நிபந்தனையின் முழுப் பாரத்தையும் சுமக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் அனுபவம்

இப்பிரச்சினையை ஒரு மாநிலமே எதிர்கொண்ட வரலாறு நம்முடையது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனத்தின் மூலம் லட்சக்கணக்கில் கொள்முதல் செய்யப்பட்ட அக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. சி-டாக் ஸ்தாபனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இயக்குதளமே பாஸ். பிள்ளைகள் பலர் செய்த முதல் காரியம், பக்கத்துக் கடைக்குப் போய் ‘ஃபார்மட் அடித்து’, விருப்பமான விண்டோஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டதுதான். அந்த ஒரு செயலில், கணினியோடு பொருத்தம் பார்த்து நிறுவப்பட்டிருந்த டிரைவர்கள் அத்தனையும் அழிந்தன. பிறகு வைஃபை எடுக்கவில்லை, கேமரா தெரியவில்லை என்று கடை கடையாக அலைந்தார்கள். அழிப்பதற்கு முன் அவற்றை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வைத்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்; ஆனால் டிரைவர் என்று ஒன்று இருப்பதே, அது இல்லாமற்போன பின்புதானே தெரியவருகிறது?

எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியபோது, அதற்கு மாற்றாகப் பாஸ் லினக்ஸை நிறுவுமாறு தமிழ்நாட்டுத் தகவல் தொழில்நுட்பத் துறை அரசுத் துறைகளுக்கு அறிவுறுத்தியது. இந்த யோசனையின் தத்துவம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. லினக்ஸ் உலகில் டிரைவர் என்பது உபகரணத்தோடு வரும் தனிச் சரக்கன்று. அது உள்மையத்தின் மூலநிரலிலேயே ஒரு பகுதி. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய அந்த மூலநிரலில் இன்று பாதிக்கும் மேற்பட்ட வரிகள் டிரைவர்களே. உள்மையத்தின் ஒழுங்குகளை மாற்றுபவர், அம்மாற்றத்தால் பாதிக்கப்படும் டிரைவர்களையும் கூடவே திருத்திவிட வேண்டும் என்பது அங்குள்ள தர்மம். சில்லு செய்தவர் தொழிலையே விட்டுவிட்டாலும், அதன் டிரைவர் பொதுச்சொத்தாக நிலைத்திருக்கிறது. 1985-இல் வந்த 386 பிராசஸருக்கான ஆதரவு 2012 டிசம்பரில்தான் அந்த மூலநிரலிலிருந்து நீக்கப்பட்டது என்பது இம்முறையின் நீடித்த ஞாபகசக்திக்குச் சான்று.

மூலநிரலைப் பொதுச்சொத்தாக்கும் இயக்கத்தின் பிறப்பிலும் ஒரு பிரிண்டர் இருக்கிறது. 1980 வாக்கில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், காகிதம் சிக்கிக்கொண்டால் காத்திருப்போருக்குத் தகவல் செல்லும்படி அங்கிருந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரின் நிரலைத் திருத்த விரும்பினார். மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. எவரும் திருத்திப் பகிரக்கூடிய நிரல்களை உருவாக்குவதற்கென்று 1983 செப்டம்பரில் அவர் அறிவித்த க்னூ திட்டத்துக்கு வித்திட்ட சம்பவங்களில் அதுவும் ஒன்று.

எனினும் லினக்ஸ் நிறுவிவிட்டால் சங்கடம் யாவும் தீர்ந்துவிடும் என்று சொல்வது சத்தியமாகாது. டிரைவரைத் தன்னார்வலர் ஒருவர் எழுத வேண்டுமானால், எந்த அறையில் எந்த எண்ணை எழுதினால் என்ன நேரும் என்ற விவரம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 378, 379, 37ஏ ஆகியவற்றின் விவரம் உலகறிந்தது. ஆகவே அந்தப் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்றைய லினக்ஸிலும் அச்சடிக்கிறது. தன்னுள் அறிவேதும் வைத்துக்கொள்ளாமல் எல்லாக் கணக்கையும் கணிப்பொறியின் தலையில் சுமத்தும் மலிவு லேசர் பிரிண்டர்கள் சில, விவரத்தை வெளியிடாததால், பல ஆண்டுகள் பிந்திப் பிறந்திருந்தும் அங்கே முரண்டு பிடிக்கின்றன. ஒரு யந்திரத்தின் ஆயுள் அதன் வயதைவிட, அதன் பரிபாஷை வெளியிடப்பட்டிருக்கிறதா என்பதையே மிகுதியும் சார்ந்திருக்கிறது என்று நாம் முடிவு செய்ய இந்த இரண்டு பிரிண்டர்களே போதும்.

தனிமனிதர் ஒருவர் இதற்குச் செய்யக்கூடியது சொற்பமே: வாங்கும் முன் சில்லின் பெயரை விசாரிக்கலாம், ஃபார்மட் செய்யும் முன் டிரைவர்களை நகலெடுக்கலாம், ஹார்ட்வேர் ஐடி எண்களைப் பெட்டியின் உட்புறத்தில் எழுதி ஒட்டி வைக்கலாம். லட்சக்கணக்கில் கொள்முதல் செய்யும் அரசின் வலிமை வேறு. ஒப்பந்தப்புள்ளியில் விலையையும் வேகத்தையும் குறிப்பது போலவே, ஒவ்வொரு சில்லின் ரெஜிஸ்டர் விவரமும் டிரைவரின் மூலநிரலும் வெளியிடப்பட்டிருக்க வேண்டும் என்றொரு நிபந்தனையையும் சேர்த்துவிட்டால், விற்க விரும்புபவர் அதற்கு இணங்கியே தீர வேண்டும். அதன் பயன் அக்கணினிகளைப் பெறும் மாணவரோடு நில்லாமல், அதே சில்லைத் தாங்கிய எந்தப் பலகையை எந்த மலையூரில் எவர் வைத்திருந்தாலும் அவரையும் சென்றடையும்.